தரம் இரண்டில் நன்றி

ஒக்டோபர் வந்தால் எங்கள் பாடசாலைகளில் நன்றி சொல்லும் காலம் தொடங்கிவிடும். 1ஆந் திகதி சிறுவர் தினம், அதே நாளில் முதியோர் தினம். 6ஆந் திகதி ஆசிரியர் தினம். பெரும்பாலும் அந்தச் சுற்றிலேயே நவராத்திரியும் வந்துவிடுவதால் வாணி விழா, ஏடு தொடக்கல் என்று மாதம் முழுக்க மாலையும் மேடையும்தான். புத்தகக் கடைகளில் மினுக்கத் தாள் முடிந்துபோகும். என் மேசையில் வாழ்த்து அட்டைகள் குவியும். அவற்றில் பாதி அம்மாமார் வெட்டி ஒட்டி, அக்காமார் எழுதிக் கொடுத்தவை என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அன்போடுதான் செய்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஆறு, ஏழு வயதுப் பிள்ளை அந்த அட்டையை நீட்டும்போது அதன் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? "அம்மா குடுக்கச் சொன்னவ டீச்சர்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடும். நன்றி சொன்னது அம்மா. பிள்ளை அதைக் கொண்டுவந்து சேர்த்தது, அவ்வளவுதான்.

நான் இலங்கையின் திருமலையில், அதாவது திருகோணமலையில், ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். அநேகமாகத் தரம் 1, தரம் 2. இந்த வயதில் நன்றியைப் படிப்பிக்க முடியுமா, முடியுமென்றால் எப்படி என்ற கேள்வி என்னை நெடுநாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனக்குக் கிடைத்த ஒன்றுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், அந்த ஆள் தன்னை நினைத்து ஏதோ செய்திருக்கிறார் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொண்டால் நன்றி தன்பாட்டில் வரும். அதற்கு முன் நாம் கேட்டு வாங்கினால் வாய் மட்டும் சொல்லும்.

சின்னப் பிள்ளைகளின் நன்றி எப்படி இருக்கும் என்று பழைய ஆய்வு ஒன்று உண்டு. பிரான்சிஸ்கா பௌம்கார்ட்டன்-திராமர் என்ற உளவியலாளர் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் 7 வயது முதல் 15 வயது வரையான பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்டு, 1938இல் அதை வெளியிட்டார். உனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆசை எது? அந்த ஆசையை நிறைவேற்றி வைப்பவருக்கு நீ என்ன செய்வாய்? சிலர் வாயால் நன்றி சொல்வோம் என்றார்கள். சிறிய பிள்ளைகளில் பலர் தங்களிடம் இருப்பதிலேயே தங்களுக்குப் பிடித்ததைக் கொடுப்போம் என்றார்கள். வயது ஏற ஏற விடை மாறியது: அந்த ஆளுக்கு எது தேவை, எது பிடிக்கும் என்று யோசித்துச் செய்வோம் என்றவர்கள் கூடினார்கள்.

இதை வாசித்தபோது என் வகுப்பு அப்படியே கண்முன் வந்தது. அழுதுகொண்டு வந்த ஒரு மகனுக்குச் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டால், கொஞ்ச நேரத்தில் மாம்பழ மணமுள்ள அழிறப்பர் ஒன்று, பாதி தேய்ந்தது, என் இடாப்பின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். உப்புவெளிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மகள் சிப்பி கொண்டுவருவாள். அதிலும் வாய் உடையாத சிப்பிதான். "எனக்கெதுக்கு மகள், நீங்களே வைச்சிருங்க" என்று திருப்பிக் கொடுப்பது நமக்குப் பெருந்தன்மையாகத் தெரியலாம். பிள்ளைக்கு அப்படித் தெரியாது. அது தன்னிடமிருந்த நல்ல பொருளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கி, பிள்ளை பார்க்கும்படி ஒரு இடத்தில் வைக்க வேண்டும். அழிறப்பர் கொடுக்கிற இடத்திலிருந்து 'டீச்சருக்கு இப்ப என்ன தேவை' என்று யோசிக்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுதான் ஆரம்பப் பிரிவில் நாங்கள் செய்யக்கூடியது. ஐந்து வருடம் இருக்கிறது, அவசரமில்லை.

எங்கள் பாடத்திட்டம் இதற்கு நல்ல இடம் தந்திருக்கிறது. கம்பஹா மாவட்டத்தில் 1998இல் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுக்கத் தரம் 1இல் தொடங்கிய சீர்திருத்தம் அது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று வழிகளில் கற்பிக்கச் சொல்கிறது. தரம் 1, 2 சேர்ந்த முதன்மை நிலை ஒன்றில் விளையாட்டும் செயற்பாடும்தான் முன்னுக்கு நிற்க வேண்டும். எழுத்து வேலை பின்னால் மெல்ல மெல்லக் கூடும். 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடம் வீடு, பாடசாலை, ஊர், உணவு, நமக்கு உதவுவோர் என்று பிள்ளை நிற்கிற இடத்திலிருந்தே தொடங்குகிறது. நன்றிக்கென்று தனிப் பாடவேளை தேவையில்லை. ஆனால் நடப்பு என்ன? 'நமக்கு உதவுவோர்' என்றதும் தபால்காரர், வைத்தியர், பொலிஸ்காரர் என்று படம் ஒட்டி, கீழே பெயர் எழுதி, கொப்பியைக் கட்டி வைத்துவிடுகிறோம். அந்தப் படத்திலுள்ள தபால்காரரைப் பிள்ளை கண்டதேயில்லை. இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்?

பிள்ளை தினமும் காண்கிற, தினமும் தொடுகிற ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் சோற்றைப் பிடித்தோம்.

பாடசாலையில் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் உணவுத் திட்டத்தில் சாப்பாடு உண்டு. சோறு, பருப்பு, ஒரு கீரை, முட்டையோ மீனோ நெத்தலியோ. ஒருநாள் கோப்பையைக் கழுவி வைத்த கையோடு பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்து, "இண்டைக்குச் சாப்பிட்ட சோறு எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டேன். ஒரே குரலில் "கடையில!" என்றார்கள். பருப்பு? "கடையில!" உப்பு? அதுவும் கடையில்தான். ஏழு வயதில் உலகம் கடையோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிக் கூட்டிப்போகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

டிமைத்தாளை உள்ளங்கை அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தேன். முதல் துண்டில் ஒரு பிள்ளை சோற்றுக் கோப்பையை வரைந்தது. அதற்குப் பின்னால் யார்? சமைத்த அக்கா. அவவுக்குப் பின்னால்? கடை முதலாளி. அவருக்குப் பின்னால்? லொறிக்காரர், மில்காரர் என்று ஒரு பிள்ளை சொல்ல, இன்னொரு பிள்ளை "எங்கட சித்தப்பா தம்பலகாமத்தில வயல் செய்யிறவர் டீச்சர்" என்று எழும்பிவிட்டது. பிறகு அந்தப் பிள்ளைதான் அன்றைக்கு ஆசிரியர். வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கந்தளாய்க் குளத்திலிருந்து. குளத்துக்குப் பின்னால் யார்? வான்கதவு திறக்கிறவர். குளத்தைக் கட்டினது? "குளக்கோட்டன் ராசா! அம்மம்மா சொன்னவ!" கோணேசர் கோயிலுக்காகக் குளம் கட்டிய குளக்கோட்டன் கதையைத் திருமலைப் பிள்ளைகளுக்கு யாரும் புத்தகத்தில் படிப்பிக்கத் தேவையில்லை, அது சோற்றோடு ஊட்டப்படுகிற கதை. முடி வைத்த ராசா ஒருவரை வரைந்து அவரையும் வரிசையில் வைத்தோம். பருப்புக்கு வேறு ஒரு கிளை போனது. மைசூர்ப் பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வருகிறது என்று சொன்னபோது, சீனக்குடாப் பக்கம் பிரிமா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருவதைக் கண்டிருக்கும் பிள்ளைகள் கப்பலையும் கப்பலில் வேலை செய்கிறவரையும் தாங்களாகவே வரைந்தார்கள். உப்புக்கு நிலாவெளி உப்பளம். தேங்காய்க்கு, மரம் ஏறுகிறவர்.

துண்டுகளைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினோம். கரும்பலகைக்குக் கீழே தொடங்கிய வரிசை வாசலைத் தாண்டி விறாந்தைக்குப் போய், தரம் 3 வாசல் வரை நீண்டுவிட்டது. காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு பிள்ளை தன் அழிறப்பரையோ பென்சில் பெட்டியையோ வைத்தது. பிறகு கணிதப் பாடத்தையும் அங்கேயே நடத்தினேன். எத்தனை ஆட்கள்? எத்தனை கைகள்? இரண்டு இரண்டாக எண்ணினார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்போதுதான் ஒரு மகன் கேட்டான்: "டீச்சர், எல்லாருக்கும் காசு குடுக்கிறதுதானே? பிறகு ஏன் நன்றி?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெரியவர்களில் பலரும் மனத்துக்குள் வைத்திருக்கும் கேள்விதான். "அப்பிடிச் சொல்லக் கூடாது மகன்" என்று நான் சொல்லியிருந்தால் அவன் வாயை மூடியிருப்பான், கேள்வி உள்ளே இருந்திருக்கும். விடையை நான் சொல்லவில்லை. சமைத்துக் கொண்டுவரும் அக்காவையே வகுப்புக்குக் கூப்பிட்டோம்.

அவ கூச்சப்பட்டா. சாறியின் நுனியால் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றா. கதிரையில் இருக்கச் சொன்னதற்குப் "பரவாயில்ல டீச்சர்" என்று நின்றவவைப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இருத்தினார்கள். எத்தனை மணிக்கு எழும்புவீங்க? விடியப்புறம் நாலு மணிக்கு. யார் உதவி? மூத்த மகள் தேங்காய் துருவித் தருவாள். கை சுட்டிருக்கா? சுட்டிருக்கு, இந்தா பாருங்க என்று முழங்கைக்குக் கீழே காட்டினா. பிறகு அந்த மகன் நேரேயே கேட்டுவிட்டான்: "உங்களுக்குக் காசு தாறவங்களா?"

"தாறாங்க மகன். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு எண்டு கணக்கு இருக்கு. சமைச்சுக் கொண்டு வாறதுக்கு அந்தக் காசு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: "ஆனா சாளைக் குழம்பு வைக்கிற நாளில, ஆண்டு ஒண்டு, ரெண்டுப் பிள்ளையளுக்கு நான் முள்ளு எடுத்துப்போட்டுத்தான் கொண்டு வாறனான். சாளை முழுக்க முள்ளுத்தானே. பெரிய பிள்ளையள் எடுத்துச் சாப்பிடுவாங்க, உங்களுக்குத் தெரியாது. முள்ளு எடுக்கிறதுக்கு ஆரும் காசு தாறதில்ல."

வகுப்பில் யாருக்கும் அது தெரியாது. எனக்கும் தெரியாது. தங்கள் கோப்பையில் முள் இல்லாமல் வருவது மீனின் குணம் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரோ என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு 8 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு இதையேதான் படிப்பித்துப் பார்த்தது. ஒருவர் உதவி செய்தால் மூன்றைக் கவனிக்கப் பழக்கினார்கள்: அவர் வேண்டுமென்றே எனக்காகச் செய்தாரா, அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார், அதனால் எனக்கு என்ன நன்மை. இப்படி யோசிக்கப் பழகிய வகுப்புகளில் நன்றியுணர்வு கூடியதைக் கண்டார்கள். நான் இதைத் தரம் 2க்கு ஏற்றமாதிரி மூன்று சின்னக் கேள்விகளாக மாற்றி வைத்திருக்கிறேன்: எனக்காகவா செய்தவ? அவவுக்கு என்ன கஷ்டம்? எனக்கு என்ன சுகம்? முள் எடுத்த கதையில் மூன்றுக்கும் விடை இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவர் செய்வதிலும் சம்பளத்துக்குள் அடங்காத ஒரு துண்டு இருக்கும், அந்தத் துண்டைத் தேடிப் பிடிப்பதுதான் விளையாட்டு. ஒருமுறை பிடித்துவிட்டால் பிள்ளைகள் எல்லா இடத்திலும் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

சாப்பிடும் முன் எங்கள் வகுப்பில் ஏற்கெனவே மூன்று விதமாக நன்றி சொல்வார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் கண்ணை மூடிச் செபிப்பார்கள். முஸ்லிம் பிள்ளைகள் பிஸ்மி சொல்லித் தொடங்கி, முடித்ததும் அல்ஹம்துலில்லாஹ் சொல்வார்கள். சைவப் பிள்ளைகள் சிலர் கோப்பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், வீட்டில் பழகியது. அக்கா வந்து போன பிறகு அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. மீன் நாளில் சாப்பிட்டு முடித்தவர்கள் போய் "அக்கா, முள்ளே இல்ல!" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். 'நன்றி' என்ற சொல்லே அதில் கிடையாது. நான் அதைச் சேர்க்கச் சொல்லவுமில்லை.

விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கண்கட்டி நடத்தல். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவரின் கண்ணைக் கழுத்துப்பட்டியால் கட்டி, மற்றவர் கையைப் பிடித்து வேப்பமரம் வரை கூட்டிப்போய் வர வேண்டும். ஓடக்கூடாது, தள்ளக்கூடாது. எங்கள் முற்றம் கல்லும் வேருமாக இருப்பதே இதற்கு வசதி. திரும்பி வந்ததும் கண் கட்டியிருந்தவரிடம் மட்டும் ஒரு கேள்வி: நீங்க விழாமல் இருக்க உங்கட கூட்டாளி என்ன செய்தவர்? முதலில் "நல்லாக் கூட்டிக்கொண்டு போனவர்" என்பார்கள். அதோடு விடக்கூடாது. எந்த இடத்தில்? என்ன செய்தவர்? "வேர் கிடக்கிற இடத்தில 'காலைத் தூக்கு' எண்டு சொன்னவன்." "கல்லு வந்தோண்ண கையை இறுக்கிப் பிடிச்சவள்." ஒரு பிள்ளை சொன்னது: "அவன் வெயிலுக்கால போய் என்னை நிழலுக்கால விட்டவன் டீச்சர். கால் சுடேல்ல." கண் கட்டியிருந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், வெறுங்காலுக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டிப்போன பையன் வகுப்பில் வாய் திறக்காதவன். அன்றைக்கு அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நன்றியைக் காதால் கேட்ட பிள்ளைக்கும் வளர்ச்சி இருக்கிறது என்பதை இந்த விளையாட்டில்தான் கண்டேன்.

எழுத்து வேலைக்கு வந்தால், 'நன்றி' என்று தலைப்புப் போட்டு ஐந்து வசனம் எழுதச் சொல்வதை விட்டுவிடுங்கள் என்றுதான் கூட வேலை செய்யும் ஆசிரியைகளிடம் சொல்வேன். 'அம்மாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி, ஆசிரியருக்கு நன்றி' என்று எல்லாக் கொப்பியிலும் ஒரே ஐந்து வசனம் வரும். வெள்ளிக்கிழமைகளில் நான் கரும்பலகையில் ஒரு வசனத்தின் எலும்பை மட்டும் எழுதுவேன்: யார், எனக்கு என்ன செய்தார், அதனால் என்ன. கிழமைக்கு ஒருமுறை போதும். நாள்தோறும் செய்தால் காலைப் பிரார்த்தனை போல் பாட்டாகிவிடும். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை பாவிக்க மாட்டேன், அதைத் திருத்த வேறு நாளிருக்கிறது.

வருகிற வசனங்களைப் பாருங்கள். "ஆட்டோ மாமா மழைக்கு படங்கை என் பக்கம் இழுத்து விடுவார். அதனால் என் பேக் நனையாது." வாடைக்காற்றோடு மழை அடிக்கும் மார்கழியில் ஆட்டோவின் ஓரத்தில் இருந்து வந்த பிள்ளைக்குத்தான் இந்த வசனம் வரும். கிண்ணியாவில் வாப்பாவின் சொந்தக்காரர் இருக்கும் ஒரு மகன் பாலத்துக்கு நன்றி எழுதினான். பாலம் ஆள் இல்லையே என்று இன்னொரு பிள்ளை சண்டைக்குப் போனது. 2009இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும் என்று அவனுடைய மூத்தவாப்பா சொல்லியிருக்கிறார். பாதை இழுத்தவர்களுக்கும் பாலம் கட்டினவர்களுக்கும் என்று வசனத்தை அவனே மாற்றிக்கொண்டான்.

யாருக்கு நன்றி சொல்வது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். 'அம்மாவுக்கு ஒரு அட்டை' என்று வகுப்பு முழுவதற்கும் ஒரே செயற்பாட்டைக் கொடுக்கும்போது, அம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளை என்ன செய்யும்? எங்கள் மாவட்டத்தில் அப்படியான வீடுகள் எத்தனை! அப்பா இல்லாத பிள்ளைகள், அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள், பெரியம்மா வீட்டில் நிற்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அட்டையை வெட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஒரு மகள் எழுதியது இது: "அம்மம்மா என் தலையை இழுக்காமல் பின்னுவா. அதனால் நோகாது." அடுத்த வெள்ளி அவளே அம்மாவைப் பற்றியும் எழுதினாள்: "அம்மா லீவு நாளில் நித்திரை கொள்ளாமல் கோல் எடுப்பா." யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு என்ன கஷ்டம் என்ற கேள்விக்கு அவளே விடை கண்டிருக்கிறாள்.

இந்த இடத்தில் வேறொன்றையும் சொல்ல வேண்டும். நன்றியைக் கடனாக மாற்றிப் பிள்ளையின் தலையில் வைப்பது எங்கள் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வரும்போது, "உனக்காகத்தான் நாங்க இவ்வளவு கஷ்டப்படுறம், நீ இப்பிடிப் புள்ளி எடுத்தா எங்களுக்கு என்ன நன்றி?" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். பெற்றோரின் கஷ்டம் உண்மை. அந்தக் கேள்வி தவறு. பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது, அன்பு என்பது வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது என்பதைத்தான். கீழ்ப்படிவை நன்றி என்று பெயர் மாற்றிக் கேட்பது அதைவிட மோசம். நன்றியுள்ள பிள்ளை கேள்வி கேட்கும். "காசு குடுக்கிறதுதானே" என்று கேட்ட மகன்தான் அதற்குப் பிறகு சமையல் அக்காவின் பாத்திரங்களை ஆட்டோவுக்குத் தூக்கிக் கொடுக்க ஓடுகிறான்.

எனக்கு இது பட்டு அறிந்த விஷயம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நான் படித்துக்கொண்டிருந்த பாடசாலை முகாமானது. நாங்களும் அங்கேதான் இருந்தோம். சில கிழமைகளில் ஓர் அமைப்பு புத்தகப் பை கொண்டுவந்தது. பை தேவைப்பட்டது, நல்ல பையும்கூட. ஆனால் அதைத் தரும் முன் எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். முன்னுக்கு நின்றவர்கள் பதாகையைப் பிடிக்க, எல்லோரும் ஒன்றாக 'நன்றி' என்று சொல்ல வேண்டும். படம் சரியாக வரவில்லை என்று திரும்பவும் சொல்லச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவளின் தம்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவளையும் சிரிக்கச் சொன்னார்கள். அந்தப் பையின் நிறம்கூட இன்று எனக்கு ஞாபகமில்லை. வரிசை ஞாபகம் இருக்கிறது.

அதே முகாமில் முதல் இரவு, இருட்டில், ஒரு அம்மா பெரிய சட்டியில் கஞ்சி கொண்டுவந்தா. எந்த ஊர், யார் என்று ஒருவருக்கும் தெரியாது. முக்காட்டின் நுனியை மடித்துச் சூடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் தானே வார்த்தா. எனக்கு வார்க்கும் முன் ஊதி ஆற்றினா. நான் அவவுக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லத் தோன்றும் நிலையிலும் இல்லை. அவ எதிர்பார்க்கவும் இல்லை. இன்றுவரை என் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை பசியோடு இருந்தால் முதலில் எனக்கு அவவின் கைதான் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கு உதவி செய்ய வருகிறவர்களிடம் இப்போது நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வாருங்கள், பிள்ளைகளோடு பாயில் இருந்து பேசுங்கள், அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், வரிசையும் படமும் வேண்டாம். சிலர் முகம் சுளிப்பார்கள். பலர் விளங்கிக்கொண்டு, உண்மையாகவே சந்தோசப்பட்டு, மணிக்கணக்கில் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பெற்றோரும் கேட்கிறார்கள். "பக்கத்து வகுப்பில அட்டை செய்திருக்கிறாங்க, வட்ஸ்அப்பில படம் வந்திருக்கு, எங்கட பிள்ளையள் ஒண்டும் செய்யேல்லையா டீச்சர்?" நியாயமான கேள்வி. போன முதியோர் தினத்துக்கு நாங்கள் செய்தது படத்தில் வராது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலுள்ள அம்மம்மா, அப்பாச்சி, தாத்தா யாராவது ஒருவரிடம் "உங்களுக்கு ஏலாமல் இருக்கிற வேலை என்ன?" என்று கேட்டுவர வேண்டும், பிறகு அதை ஒரு கிழமை செய்ய வேண்டும். ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பது, மருந்துப் பெட்டியின் மூடி திறப்பது, காலுக்கு எண்ணெய் தடவுவது, கீழே விழுந்த பொருளை எடுத்துத் தருவது என்று பட்டியல் வந்தது. ஒரு தாத்தா, "எனக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டு" என்றாராம். தரம் 2 பிள்ளை எழுத்துக் கூட்டித் தலைப்புகளை மட்டும் வாசித்திருக்கிறது. தாய்மொழிப் பாடத்தில் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எடுத்த வேகத்துக்கு நான் காரணமில்லை.

இந்த வருடம் பெரும்போக அறுவடை முடிந்ததும், பங்குனியில், தம்பலகாமத்திலிருந்து அந்தப் பிள்ளையின் சித்தப்பாவே வகுப்புக்கு வர ஒத்துக்கொண்டிருக்கிறார். நெற்கதிரும் கொண்டுவருவாராம். அவரிடம் கேட்பதற்குக் கேள்விகள் எழுதித் தரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். தாள்கள் வந்துவிட்டன. பாம்பு வருமா, யானை வந்தால் என்ன செய்வீங்க, மெசினை நாங்கள் ஓட்டலாமா என்பவைதான் அதிகம். அவற்றுக்கு நடுவே ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "நீங்கள் எல்லாருக்கும் சோறு தாறீங்கள். வயலுக்கு உங்களுக்கு சாப்பாடு யார் கொண்டு வாறது? அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டேன். சித்தியும் வருகிறா.